பியானோவின் முன்னால் ஓர் இடம்

ஆலயத்தில் பாடகற்குழுவுக்கு அருகே ஆர்மோனியமோ ஆர்கனோ வாசிப்பவரை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? பாடுகிறவர்களின் முகம் மக்களுக்குத் தெரியும். வாசிக்கிறவரின் முதுகுதான் தெரியும். ஆனால் பாட்டு எப்போது தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எந்தச் சுருதியில் எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் அவரே. அவர் ஒரு கணம் தயங்கினால் பாடகற்குழு முழுவதும் தயங்கும். இந்தச் சிறு செய்தியை நினைவில் வைத்துக் கொண்டால், அமெரிக்க நாட்டில் 1967ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் இசைத்தட்டு ஏன் அத்துணை வெற்றி பெற்றது என்பது எளிதில் விளங்கும்.

அரீதா பிராங்க்ளின் என்ற கறுப்பினப் பெண்மணி பாடி, பியானோவையும் தாமே வாசித்து, அட்லாண்டிக் நிறுவனத்தின் பெயரில் 1967 மார்ச் 10ஆம் நாள் வெளிவந்த அந்தத் தட்டின் பெயர் ‘ஐ நெவர் லவ்டு எ மேன் த வே ஐ லவ் யூ’ என்பது. பள்ளி ஆண்டு மலரில் இப்படியொரு பெயரா என்று பெற்றோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அதிலுள்ள 11 பாட்டுகளில் பெரும்பாலானவை காதலையும் மனத்தாங்கலையும் பற்றியவைதாம்; மறுப்பதற்கில்லை. ஆயினும் அவற்றைக் கேட்கிற எவருக்கும், “இது ஆலயத்துக் குரல் அல்லவா!” என்றுதான் முதலில் தோன்றும். அப்படித் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லுமுன் இவ்வகை இசையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம்.

‘ரிதம் அண்டு புளூஸ்’ என்று இதனை அழைக்கிறார்கள். ரிதம் என்பது தாளம். புளூஸ் என்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமைத்தளை நீங்கிய பின்னும் வறுமையும் அவமதிப்பும் நீங்காத கறுப்பின மக்களிடையே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான துயரப்பாட்டு. அதன் இலக்கணம் மிக எளியது. ஓர் அடியைப் பாடுவார்கள். அதையே மீண்டும் பாடுவார்கள். மூன்றாம் அடியில் அதற்கு விடை வரும். மூன்றும் சேர்ந்து 12 தாளக்கட்டுகளில் அடங்கிவிடும். இம்மக்கள் பிழைப்புத் தேடி வடக்கே சிகாகோ, டெட்ராய்ட் முதலான தொழில் நகரங்களுக்குப் பெருந்திரளாகக் குடியேறியபோது பாட்டும் அவர்களோடு இரயிலேறியது. நகரத்து இரைச்சலில் ஒற்றைக் கிதாரின் ஒலி எடுபடவில்லை. எனவே மின்கிதார், சாக்ஸபோன், டிரம் ஆகியவை சேர்ந்தன, தாளமும் துரிதப்பட்டது. நான்கு எண்ணிக்கை கொண்ட அந்தத் தாளத்தில் இரண்டாவதிலும் நான்காவதிலும் அழுத்தம் விழும். கைதட்டுகிறவர்களும் அங்கேதான் தட்டுவார்கள். வழக்கமாக முதல் எண்ணிக்கையில் தட்டிப் பழகிய நமக்கு இது முதலில் இடறும். ஒரு முறை பிடித்துக் கொண்டால் விடாது.

பெயர் வந்த கதையும் சுவையானது. இசைத்தட்டு விற்பனையைப் பட்டியலிட்டு வந்த ‘பில்போர்டு’ இதழ் 1940களில் கறுப்பின மக்களின் தட்டுகளை ‘இனத் தட்டுகள்’ என்று தனியே ஒதுக்கி வைத்திருந்தது. ஒரு மக்களின் இசைக்கு அவர்களுடைய தோலைக் கொண்டா பெயரிடுவது என்று, அவ்விதழில் பணிபுரிந்த ஜெர்ரி வெக்ஸ்லர் என்ற இளைஞருக்குத் தோன்றியது. ‘ரிதம் அண்டு புளூஸ்’ என்ற பெயரை அவர்தாம் முன்மொழிந்தார். 1949 ஜூன் மாதம் முதல் பட்டியலின் தலைப்பே மாறிற்று. இந்த வெக்ஸ்லரை மறந்துவிடாதீர்கள். 18 ஆண்டுகள் கழித்து மீண்டும் வருவார்.

அரீதா 1942 மார்ச் 25ஆம் நாள் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் கிளாரன்ஸ் லாவான் பிராங்க்ளின், பாப்டிஸ்ட் சபைப் போதகர். 1946 முதல் டெட்ராய்ட் நகரில் நியூ பெத்தேல் ஆலயத்தில் பணியாற்றினார். பேச்சாகத் தொடங்கி, மெல்ல மெல்ல இராகம் ஏறி, முடிவில் பாட்டாகவே மாறிவிடும் பிரசங்கங்கள் அவருடையவை. அவை இசைத்தட்டுகளாகவே அச்சாகி நாடெங்கும் விற்றன. தாயார் பார்பரா நன்றாகப் பாடுவார், பியானோவும் வாசிப்பார். அவர் 1948இல் கணவரைப் பிரிந்து பஃபலோ நகருக்குச் சென்றுவிட்டார். 1952 மார்ச் மாதம் இறந்தும் போனார். அப்போது அரீதாவுக்குப் பத்து வயது நிறையச் சில நாட்கள் இருந்தன.

மகளின் கைகள் பியானோவில் தாமாகவே ஓடுவதைக் கண்ட தந்தையார் ஆசிரியை ஒருவரை அமர்த்தினார். ஆசிரியை வருவார், மாணவி ஒளிந்து கொள்வார்! சின்னப் பிள்ளைகளுக்கான தொடக்கப் பாடங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. நேரே பாட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரம். (நம் மாணவியர் இதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம், சுரக்குறிப்புகளைப் படிக்கக் கற்பது நல்லதே.) அரீதா இறுதிவரை காதால் கேட்டே வாசித்தவர். வீட்டில் தங்கியிருந்த ஜேம்ஸ் கிளீவ்லண்ட் என்ற ஆலயப் பாடகர் வாசிப்பதைப் பார்த்துக் கற்றுக் கொண்டார். மகாலியா ஜாக்சன், கிளாரா வார்டு போன்ற பெரும் பாடகியர் அவ்வீட்டிற்கு வந்து போனார்கள். அந்தக் குழந்தைக்கு இதைவிடச் சிறந்த இசைக் கல்லூரி எங்கே கிடைத்திருக்கும்?

கறுப்பின மக்களின் ஆலயத்தில் பியானோவின் வேலை என்ன என்பதை இங்கே விளக்கியாக வேண்டும். நம் நாட்டில் பஜனையிலும் கிராமப் பாட்டிலும் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது வழக்கம். அங்கும் அப்படியே. போதகர் ஒன்று சொல்வார். மக்கள் மறுமொழி கொடுப்பார்கள். பாடகி ஓர் அடி பாடுவார்; குழுவினர் திருப்புவார்கள். அந்த இடைவெளிகளில் பியானோவும் பேசும். குரல் ஓய்ந்த இடத்தில் அது தொடரும். குரல் ஏறுமுன்பே படி போட்டுக் கொடுக்கும். எழுதி வைத்த பக்கவாத்தியம் அன்று அது, உரையாடல். பாடுகிறவரும் வாசிக்கிறவரும் ஒருவரே ஆகிவிட்டால் அந்த உரையாடல் எத்துணை நெருக்கமாகும் என்று எண்ணிப் பாருங்கள். குரல் எங்கே தாமதிக்கப் போகிறது என்பது இடக்கைக்கு முன்கூட்டியே தெரியும். எங்கே மூச்சு வாங்க வேண்டுமோ அங்கே வலக்கை நான்கு சுரங்களை உதிர்த்துக் காத்திருக்கும். அரீதா 14 வயதிலேயே தந்தையாரின் ஆலயத்தில் இவ்வாறு வாசித்துப் பாடியதை ஒலிப்பதிவு செய்து வெளியிட்டிருக்கிறார்கள். சிறுமியின் குரல் என்று நம்ப முடியாது.

அவருடைய இளமை எளிதாக இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிக இளம் வயதிலேயே தாயானார். பள்ளிப் படிப்பு நின்று போயிற்று. பாட்டியார் குழந்தைகளைப் பார்த்துக் கொண்டதால்தான் பாட்டு நின்று போகவில்லை.

1960இல் 18 வயது அரீதா நியூயார்க் சென்று கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்தார். அவரைக் கண்டெடுத்தவர் ஜான் ஹாமண்ட் என்ற மதிநுட்பம் மிக்கவர். ஆனால் பெரிய நிறுவனம் அல்லவா? இப்பெண்ணை எந்தக் கடையில் வைத்து விற்பது என்று அவர்களுக்குப் பிடிபடவே இல்லை. ஒரு முறை ஜாஸ் பாட வைத்தார்கள். ஒரு முறை நாடக மேடைப் பாட்டுகள். ஒரு முறை வயலின்கள் புடைசூழ உணவு விடுதிகளில் கேட்கிற மென்மையான பாட்டுகள். சில பதிவுகளில் பியானோவும் வாசித்தார். பலவற்றில் பிறர் அமைத்து வைத்த வாத்திய இசையின் முன்னால் நின்று பாடினார். அத்தட்டுகளில் நல்லவை இல்லாமலில்லை. இருந்தும் ஆறாண்டுகளில் பொது விற்பனைப் பட்டியலில் முதல் 40க்குள் வந்தது ஒரே ஒரு பாட்டு. 1961இல், 37ஆம் இடம். அழகான ஆடைதான், அளவு மட்டும் வேறொருவருடையது.

ஒப்பந்தம் முடிந்த 1966இன் இறுதியில் அட்லாண்டிக் நிறுவனம் அவரை அழைத்துக் கொண்டது. அங்கே பதிவுகளுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் யார் தெரியுமா? அதே ஜெர்ரி வெக்ஸ்லர்! அவர் செய்தது பெரிய வித்தையொன்றும் அன்று. அரீதாவைப் பியானோவின் முன் உட்கார வைத்தார். மற்ற வாத்தியங்கள் அவருடைய கைகளைப் பின்பற்றட்டும் என்று விட்டுவிட்டார்.

இடமாக அவர் தேர்ந்தெடுத்தது அலபாமா மாநிலத்தில், டென்னசி ஆற்றங்கரையில் உள்ள மஸல் ஷோல்ஸ் என்ற சிற்றூர். ரிக் ஹால் என்பவர் ‘ஃபேம்’ என்ற ஒலிப்பதிவுக்கூடத்தை அங்கே நடத்தி வந்தார். 1967 ஜனவரி 24ஆம் நாள் அரீதா தம் கணவரும் நிர்வாகியுமான டெட் வைட்டுடன் வந்து சேர்ந்தார். வாத்தியக்காரர்கள் அனைவரும் வெள்ளையர். பெரும்பாலோர் அப்பகுதி இளைஞர்கள். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே சட்டம் எழுப்பியிருந்த சுவர்கள் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் இடிந்திருந்தன. மனத்தில் இருந்த சுவர்கள் அத்தனை விரைவில் இடிவதில்லை. அந்தச் சூழ்நிலையில் அந்த மாநிலத்திற்கு வருவதே கணவருக்குப் பிடித்திருக்காது என்பதை ஊகிக்கலாம்.

அரீதா யாரோடும் அதிகம் பேசவில்லை. நேரே பியானோவுக்குச் சென்று அமர்ந்தார். பல சுரங்களை ஒருங்கே அழுத்தி ஒரு கூட்டொலியை எழுப்பினார். அறையில் இருந்தவர்கள் தங்கள் பேச்சை நிறுத்தினார்கள். இப்படி ஒருவர் வாசித்து அவர்கள் கேட்டதில்லை என்று பின்னாளில் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அன்று எடுத்துக் கொண்ட பாட்டு, தட்டிற்குப் பெயர் தந்த அந்தப் பாட்டேதான். ரோனி ஷானன் என்பவர் எழுதியது. தாளில் எழுதிய இசைக்குறிப்பு எதுவும் கிடையாது. ஒவ்வொருவரும் காதால் கேட்டுத் தம் பங்கைக் கண்டுபிடிக்க வேண்டும். நெடுநேரம் ஒன்றும் பிடிபடவில்லை. மெதுவான, தயங்கித் தயங்கிச் செல்லும் நடை. எங்கே கால் ஊன்றுவது என்று டிரம் வாசிப்பவருக்கும் விளங்கவில்லை. வழக்கமாகப் பியானோ வாசிக்கிற ஸ்பூனர் ஓல்டாம் என்ற இளைஞர், அந்த இடத்தில் அரீதா அமர்ந்துவிட்டபடியால், ஒரு சிறிய வுர்லிட்சர் மின்பியானோவின் முன் இருந்தார். அவர் விரல்கள் எதையோ தேடிக் கொண்டிருந்தன. திடீரென்று ஐந்தாறு சுரங்களில் ஒரு துணுக்கு அகப்பட்டது. “அதுதான்! அதை விடாதே!” என்கிற மாதிரி எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். அதன் பிறகு பாட்டு சிறிது நேரத்தில் முடிந்துவிட்டது. இன்றும் அந்தப் பதிவைக் கேட்டால் முதலில் வருவது அந்த மின்பியானோத் துணுக்குத்தான்; அடுத்து அரீதாவின் குரல்; சற்றுப் பின்னால் அவருடைய பியானோ வந்து இரண்டையும் தழுவிக் கொள்கிறது.

இரண்டாவது பாட்டைத் தொடங்கினார்கள். இதற்குள் மது உள்ளே வந்துவிட்டது. ஊதுகுழல் வாசித்த ஒருவருக்கும் அரீதாவின் கணவருக்கும் வாய்த்தகராறு மூண்டது. இரவு ரிக் ஹால் சமாதானம் பேசுவதாக விடுதிக்குச் சென்றார், அவரும் குடித்திருந்தார், பேச்சு கைகலப்பில் முடிந்தது. விடிந்ததும் அரீதாவும் கணவரும் ஊரைவிட்டே போய்விட்டார்கள். பல நாட்கள் நடக்க வேண்டிய பதிவு ஒரே நாளில் நின்றது. கையில் இருந்தது ஒன்றரைப் பாட்டு! ஆண்கள் சண்டையிட்டுக் கொண்ட அந்த இரவில், எவருடைய பாட்டுக்காக அத்தனை பேரும் கூடினார்களோ அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

வெக்ஸ்லர் முடிந்த பாட்டை மட்டும் சில மாதிரித் தட்டுகளாக வெட்டித் தமக்குத் தெரிந்த வானொலி அறிவிப்பாளர்களுக்கு அனுப்பினார். ஒலிபரப்பியதும் “தட்டு எங்கே கிடைக்கும்?” என்று கேட்டு மக்கள் மொய்த்தார்கள். ஆனால் விற்க முடியாது. சிறிய தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டே! மறுபக்கத்திற்கு வைத்திருந்த பாட்டில் தாளமும் கிதாரும் மட்டுமே பதிவாகியிருந்தன. பாட வேண்டியவரோ இருக்கும் இடம் தெரியவில்லை. இரண்டு வாரங்கள் போல வெக்ஸ்லர் தவித்திருப்பார்.

ஒரு நாள் அரீதா தாமே நியூயார்க் கூடத்திற்கு வந்தார். உடன் அக்காள் எர்மா, தங்கை கரோலின். அந்த அரைகுறைப் பதிவின்மேல் முதலில் பியானோ வாசித்தார், பிறகு ஆர்கன் வாசித்தார், பிறகு பாடினார். சகோதரியர் சேர்ந்து பின்பாட்டு இசைத்தனர். ‘டூ ரைட் உமன், டூ ரைட் மேன்’ என்ற அந்தப் பாட்டைக் கேட்கிறவர் இதில் ஒட்டுப் போட்ட இடம் எது என்று கண்டுபிடிக்க முடியாது. நான் பல முறை முயன்று தோற்றிருக்கிறேன். ஒரு பெண் நல்லவளாக நடந்து கொள்ள வேண்டுமென்றால் ஆணும் அப்படியே நடந்து கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. மஸல் ஷோல்ஸ் இரவை நினைத்துக் கொண்டு கேட்டால் அதற்கு இன்னொரு பொருளும் புலப்படும்.

மற்றப் பாட்டுகளை அந்த அலபாமா இளைஞர்களையே நியூயார்க்குக்கு வரவழைத்துப் பிப்ரவரி மாதம் முடித்தார்கள். பிப்ரவரி 14ஆம் நாள் பதிவான பாட்டுத்தான் ‘ரெஸ்பெக்ட்’. மரியாதை என்று பொருள். இதனை எழுதி, 1965இல் முதலில் பாடியவர் ஓட்டிஸ் ரெடிங் என்ற பாடகர். நாள் முழுவதும் உழைத்துவிட்டு வீடு திரும்புகிற கணவன் மனைவியிடம் மரியாதை கேட்பதாக அமைந்த பாட்டு அது. அரீதா சொற்களில் சிறு சிறு மாற்றங்களே செய்தார். ஆனால் பேசுகிறவர் மாறியதும் வழக்கே மாறிவிட்டது. இப்போது கேட்பவள் மனைவி. அவள் கெஞ்சவில்லை, எனக்குச் சேர வேண்டியது இது என்று கணக்குச் சொல்கிறாள். அந்தச் சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொல்கிற பகுதி முதற்பாட்டில் இல்லை. புரியாத பிள்ளைக்கு ஆசிரியை எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுப்பதுபோல் அதை அரீதா சேர்த்தார். சகோதரியரின் பின்பாட்டும் புதியது. ஆலயத்தில் போதகருக்கு மக்கள் மறுமொழி கொடுப்பார்கள் என்றேனே, அதுவே இங்கே மூன்று சகோதரியரின் வீட்டுப் பேச்சாகக் கேட்கிறது. நடுவில் இசை திரும்புவதற்கு முதற்பாட்டில் இடமே இல்லை. வேறொரு பாட்டிலிருந்து சுரக்கூட்டுகளைக் கடன் வாங்கி, கிங் கர்டிஸ் என்பவரின் சாக்ஸபோனை அங்கே பொருத்தினார்கள். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இரண்டரை நிமிடந்தான்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் கலிபோர்னியாவில் மாண்டரே இசைவிழாவில் இப்பாட்டைப் பாட வந்த ஓட்டிஸ் ரெடிங், இதை ஒரு பெண் தம்மிடமிருந்து எடுத்துக் கொண்டு போய்விட்டாள் என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டுத்தான் பாடினார். டிசம்பர் மாதம் விமான விபத்தில் அவர் மறைந்தது பெருந்துயரம்.

தட்டில் இன்னும் பல நல்ல பாட்டுகள் உண்டு. நான்கு பாட்டுகளின் ஆக்கத்தில் அரீதாவின் கை இருக்கிறது. இரண்டில் தங்கை கரோலினும் பங்கு கொண்டிருக்கிறார். கடைசிப் பாட்டு சாம் குக் எழுதிய ‘எ சேஞ்ச் இஸ் கானா கம்’. ஆலயப் பாடகராகத் தொடங்கிப் புகழ் பெற்று, 1964 டிசம்பரில் அகால மரணம் அடைந்தவர் சாம் குக். பிராங்க்ளின் குடும்பத்து நண்பர். அவரை நினைவுகூரும் சில சொற்களைத் தாமே முன்னே சேர்த்து, பியானோவை மெதுவாகத் தொட்டு, அரீதா அப்பாட்டைத் தொடங்குகிறார். ‘ரெஸ்பெக்ட்’ கேட்டுத் துள்ளியவர்கள் இதையும் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் தட்டிலேயே சிறந்தது இதுதான் என்பேன்.

இனி வெற்றியின் கணக்கு. ‘ரிதம் அண்டு புளூஸ்’ தட்டுகளின் பட்டியலில் முதலிடம். எல்லாவகை இசைக்குமான பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம். அவ்வாண்டே தங்கத்தட்டுச் சிறப்பு. முதற்பாட்டு 7 வாரங்கள் தன் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. ‘ரெஸ்பெக்ட்’ ஜூன் மாதம் இரண்டு வாரங்கள் நாடு முழுமைக்குமான பட்டியலில் முதலிடம் பெற்றது. 1968இல் இரண்டு கிராமி விருதுகளையும் பெற்றுத் தந்தது. ஆறாண்டுகளில் ஒருமுறை 37ஆம் இடத்தைத் தொட்டவர், பியானோவின் முன் அமர்ந்த ஆறே மாதத்திற்குள் எட்டிய இடம் இது.

ஆனால் பட்டியலில் வராத கணக்கு ஒன்றும் இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் சம உரிமை கேட்டு வீதியில் இறங்கியிருந்த காலம் அது. அரீதாவின் தந்தையார் 1963 ஜூன் மாதம் டெட்ராய்ட் நகரில் மார்ட்டின் லூதர் கிங் கலந்து கொண்ட மாபெரும் ஊர்வலத்தை முன்னின்று நடத்தியவர். வீட்டில் மனைவி கேட்ட மரியாதையை, நாட்டில் ஓர் இனமே கேட்பதாக மக்கள் எடுத்துக் கொண்டார்கள். இரண்டையும் ஒரே பாட்டு தாங்கியது. 1968 பிப்ரவரி 16ஆம் நாளை டெட்ராய்ட் மேயர் ‘அரீதா பிராங்க்ளின் நாள்’ என்று அறிவித்தார். அன்று கிங் நேரில் வந்து அவருக்கு விருது வழங்கினார். தொண்டை கட்டியிருந்ததால் அந்த மாபெரும் பேச்சாளரால் ஒரு சொல்லும் பேச முடியவில்லை. மேடையில் நின்றதே போதுமானதாக இருந்தது. ஏழு வாரங்களில், ஏப்ரல் 4ஆம் நாள், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மரியாதை கேட்டுப் பாடியவருக்கு வீட்டில் அது கிடைத்ததா? இல்லையென்றே சொல்ல வேண்டும். 1969இல் அம்மணவாழ்க்கை முறிந்தது. பணத்தின் கதை இன்னும் விந்தையானது. அமெரிக்கச் சட்டப்படி ஒரு பாட்டு சாதாரண வானொலியில் ஒலிபரப்பாகும்போது அதை எழுதியவருக்குத்தான் ஊதியம். பாடியவருக்கோ வாசித்தவருக்கோ ஒரு காசும் கிடையாது. ஆகவே ‘ரெஸ்பெக்ட்’ எத்தனை ஆயிரம் முறை ஒலித்திருந்தாலும், 2018இல் அரீதா மறையும்வரை, அந்த வகையில் அவருக்கு எதுவும் வரவில்லை. ஓட்டிஸ் ரெடிங்கின் குடும்பத்தாருக்கு வந்தது, அது நியாயமே. ஆனால் எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தவருக்கு?

ஆலயத்துப் பாட்டை வீதிக்குக் கொண்டு போய்விட்டாள் என்று குறைகூறியவர்களும் உண்டு. 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து ஆலயம் ஒன்றில் இரண்டு இரவுகள், தம் பால்யகால வழிகாட்டியான ஜேம்ஸ் கிளீவ்லண்டின் பாடகற்குழுவோடு அரீதா பக்திப் பாடல்களைப் பாடினார். ‘அமேஸிங் கிரேஸ்’ என்ற பெயரில் வெளிவந்த அந்தத் தொகுப்பு 20 இலட்சத்திற்கு மேல் விற்றது. இரண்டாம் இரவு அவையில் பேசிய தந்தையார், தம் மகள் ஆலயத்தை விட்டு ஒருநாளும் போனதில்லை என்று சொன்னார். 1967ஆம் ஆண்டுத் தட்டைக் கேட்டவர்களுக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது.

2015 டிசம்பர் மாதம் வாஷிங்டனில், கென்னடி அரங்கில், நாட்டின் கலைஞர்களைக் கௌரவிக்கும் விழா நடந்தது. குடியரசுத் தலைவர் ஒபாமா மேல்மாடத்தில் அமர்ந்திருந்தார். 73 வயது அரீதா நீண்ட உரோம அங்கி அணிந்து மேடைக்கு வந்தார். கையில் ஒரு கைப்பை. பாடுமுன் ஊதியத்தை ரொக்கமாக வாங்கி அந்தப் பையில் வைத்துக் கொள்வது அவருடைய வழக்கம் என்பார்கள். ஏமாந்த கலைஞர்கள் பலரைப் பார்த்து வளர்ந்தவர் அல்லவா? நடுவில் இருந்த பெரிய பியானோவை நோக்கி நடந்தார். கைப்பையைக் கண்ணில் படும்படி அதன்மேல் வைத்தார். பிறகு உட்கார்ந்து, விரல்களைக் கட்டைகளின்மேல் வைத்து, தாமே வாசித்துக் கொண்டு பாடத் தொடங்கினார். ஒபாமா கண்ணைத் துடைத்துக் கொண்டதைப் படப்பிடிப்பில் காணலாம்.